வெண்கலச் சிலைகளைச் சுற்றி வந்து பார்ப்பவர்கள் இங்கே யார் யார்?

வார்ப்புநேசன் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம் நண்பர்களே. பயணப் படத் தொகுப்புகளைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஓவியத்துக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கிறவர்கள் உண்டு. கட்டடத்தை நாலு பக்கமும் சுற்றுகிறவர்கள் உண்டு. வெண்கலச் சிலை என்று வந்துவிட்டால் மட்டும் நேர் எதிரே நின்று ஒரு படம், அடுத்த நொடி நடையைக் கட்டிவிடுகிறார்கள். சிலை என்பதே சுற்றி வந்து பார்க்கத்தான் செய்யப்பட்டது. முகப்பை மட்டும் பார்ப்பது பாதி பார்ப்பதுகூட இல்லை என்பது என் கருத்து.

ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆர்ட்டெமிசியன் வெண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 460ஐ ஒட்டிய வேலை. 1920களில் கடலுக்கு அடியிலிருந்து எடுத்தார்கள். உயரம் 2 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு கையையும் விரித்து, வலது கையால் எதையோ எறியப் போகும் நிலை. கையில் இருந்த ஆயுதம் போய்விட்டது. இடியாக இருந்தால் அவர் கிரேக்க வானதேவன் ஜீயஸ், திரிசூலமாக இருந்தால் கடல்தேவன் பொசைடன். மார்புக்கு நேரே நின்றால் விரிந்த கைகளின் அகலம் பிரமிக்க வைக்கும். எல்லாப் படங்களும் அந்த இடத்திலிருந்துதான். அங்கிருந்து மெல்ல நகர்ந்து, நீட்டிய இடது கை காட்டும் திசையில் போய் நில்லுங்கள். அவ்வளவு அகலமாக இருந்த உடம்பு ஒல்லியாகிவிடும், குறி உங்கள் மேல் இருக்கும். நீண்ட சூலமாக இருந்திருந்தால் அதன் தண்டு முகத்துக்குக் குறுக்கே போயிருக்கும், ஆகவே இடிதான் என்று ஒரு வாதம் உண்டு. அந்த வாதத்தின் பலமே நடந்து பார்த்தால்தான் புரிகிறது.

பயணத்தில் வெண்கலம் கண்ணில் பட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எந்த நேரத்தில் போகிறீர்கள், எதைப் படமெடுக்கிறீர்கள், எதை விடுகிறீர்கள்? விரிவாகவே எழுதுங்கள், அவசரமில்லை.


நிழல்விழி:

நல்ல இழை. படமெடுக்கிற பக்கத்திலிருந்து நான் தொடங்குகிறேன்.

கல்லுக்கும் வெண்கலத்துக்கும் கேமரா முன்னால் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பளிங்கு, தன் மேல் விழும் வெளிச்சத்தைப் பரவலாகத் திருப்பித் தரும். வெண்கலம் அப்படிச் செய்யாது. அது இருட்டாகவே இருந்துகொண்டு, சுற்றி இருப்பதைத்தான் காட்டும்: வானம், ஜன்னல், கூரை விளக்கு, எதிர்ச்சுவர். அதனால் வெண்கலத்தைப் படமெடுக்கும்போது நாம் எடுப்பது பாதிக்கு மேல் பிரதிபலிப்பைத்தான். சிலைக்கு எதிரே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்ப்பது என் முதல் வேலை. பெரிய வெள்ளைச் சுவர் இருந்தால் அந்தப் பக்கத்துத் தோள், தொடை எல்லாம் நீண்ட மெல்லிய ஒளிக்கோடாக வரும். சின்னச் சின்ன விளக்குகள் மட்டும் இருந்தால் மூக்கிலும் நெற்றியிலும் வெள்ளைப் புள்ளிதான் வரும்.

வெளியில் நிற்கும் சிலைக்கு உச்சி வெயிலைப் போல மோசமான நேரம் கிடையாது. மேகம் மூடிய நாள் கிடைத்தால் விடாதீர்கள். வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடும், தசை மடிப்பெல்லாம் மெதுவாக இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வரும். அதிகாலையோ மாலையோ சாய்ந்து வரும் வெயில் வேறு மாதிரி. அது உளி பட்ட இடம், அரம் இழுத்த இடம் எல்லாவற்றையும் எழுப்பிக் காட்டும். மழை விட்ட உடனேயும் பாருங்கள், ஈரத்தில் நிறம் ஆழமாகிவிடும்.

1908இல் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன், பிரெஞ்சுச் சிற்பி ரொதான் செய்த எழுத்தாளர் பால்சாக்கின் சிலையை நிலவு வெளிச்சத்தில் படமெடுத்தார். அப்போது அது வெண்கலமாக வார்க்கப்படவில்லை, வெறும் பிளாஸ்டர்தான். ஆனாலும் அந்தப் படங்கள் எனக்குப் பாடம். இரவு முழுக்க வேலை செய்து, ஒரே உருவத்தை வெவ்வேறு நிலவொளியில் பதிவு செய்தார். ரொதானுக்கு அவை மிகவும் பிடித்துப்போயின. சிலை மாறவில்லை, ஒளிதான் மாறியது. அதுவே ஒரு தொகுப்புக்குப் போதுமானதாக இருந்தது.

அப்புறம், போலரைசர் ஃபில்டர் பற்றி எப்போதும் கேட்பார்கள். வெறும் உலோகத்தின் பளபளப்பை அது அடக்காது. கண்ணாடி, தண்ணீர், இலை, வார்னிஷ் மேல் சாய்வாக வரும் பிரதிபலிப்பைத்தான் குறைக்கும். வெளியில் இருக்கும் சிலைகள் பலவற்றுக்கு மேலே மெழுகோ லாக்கர் என்னும் வார்னிஷ் போன்ற பூச்சோ பூசியிருப்பார்கள், அங்கே ஓரளவு பலன் இருக்கும். அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்கு நன்றாக உதவும், அதுவும் கண்ணாடிக்குச் சாய்வாக நின்றால். நேர் எதிரே நின்றால் வேலை செய்யாது.


பயணப்பை:

நிழல்விழி அக்கா, ஃபோன் மட்டுமே வைத்திருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். உயரமான பீடம், மேலே குதிரைவீரன், பின்னால் வெள்ளை வானம். சிலை கரிக்கட்டையாக வருகிறது. அதற்கு நேர்மாறாக, அருங்காட்சியகத்தில் எடுத்தால் கறுப்புச் சிலை சாம்பலாக வெளுத்துப் போகிறது. ஏன் இப்படி இரண்டு விதமாக நடக்கிறது?


நிழல்விழி:

@பயணப்பை, இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான். கேமரா எதைப் பார்த்தாலும் சராசரிச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். வானம் நிறைய இருந்தால் வானத்தை அடக்குகிறது, சிலை இருட்டில் போய்விடும். கறுப்புச் சிலை சட்டத்தை நிறைத்துவிட்டால் அதை வெளுக்க வைக்கிறது. அதனால் வெளியில், சிலையின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைக் கூட்டுங்கள். உள்ளே ஒரு படி குறையுங்கள். குறைத்தால் வெள்ளைப் புள்ளிகளும் எரிந்து போகாமல் நிற்கும். எரிந்துபோன புள்ளியைப் பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, இருட்டைக் கொஞ்சம் மீட்கலாம்.

ஃபோனின் அகலமான லென்ஸோடு பக்கத்தில் போய் அண்ணாந்து எடுக்காதீர்கள். குதிரையின் வயிறும் வீரனின் தாடையும்தான் வரும். நாலைந்து மடங்கு தூரம் பின்னால் போய், இரண்டு அல்லது மூன்று மடங்கு லென்ஸில் எடுங்கள். உடம்பின் அளவுகள் சரியாக வரும். பின்னால் வானத்துக்குப் பதிலாக மரமோ கட்டடமோ வரும்படி சற்று நகர முடிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

கண்ணாடிப் பெட்டி என்றால் லென்ஸை முடிந்தவரை கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய், கையால் மறைத்து, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுங்கள். சட்டை விஷயத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். சிற்பி பிரான்குஷி செய்த பறவைச் சிலை போலக் கண்ணாடி மாதிரி மெருகேற்றிய வெண்கலத்துக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு நின்றால் படத்தில் பறவை இருக்காது, நீங்கள்தான் இருப்பீர்கள். பிரான்குஷி தன் சிலைகளைத் தானேதான் படமெடுத்தார். அந்தப் படங்களில் மெருகிலிருந்து தெறிக்கும் ஒளியை அவர் ஒளித்து வைக்கவில்லை, அதை வேண்டுமென்றே உள்ளே விட்டார்.


மெழுகும்மண்ணும்:

ஒளி பற்றி நன்றாகப் பேசுகிறீர்கள். எடை பற்றியும் பேச வேண்டும். வெண்கலத்தின் பெருமையே அதில்தான் இருக்கிறது.

ரோமானியர்கள் கிரேக்க வெண்கலங்களைப் பார்த்துப் பளிங்கில் பிரதி செய்தார்கள். அந்தப் பிரதிகளில் காலோடு ஒட்டி ஒரு அடிமரம், இடுப்பிலிருந்து கைக்கு ஒரு முட்டு என்று ஏதாவது இருக்கும். பளிங்கு அழுத்தத்தைத் தாங்கும், வளைக்கும் விசையைத் தாங்காது, கணுக்காலில் முறிந்துவிடும். வெண்கலத்துக்கு அந்தக் கவலை குறைவு. உள்ளே கூடாக வார்க்கலாம், எடை குறையும், கையை வெளியே நீட்டலாம். ஃபிளாரன்ஸில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் சிற்பி ஜம்பொலோஞ்ஞா செய்த மெர்குரி என்னும் தூதுத் தேவன் ஒற்றைக் கால் விரல் நுனியில், காற்றுத் தேவனின் வாயிலிருந்து வரும் மூச்சின் மேல் நிற்கிறான். கல்லில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

மாட்ரிட்டில் ஸ்பெயின் மன்னன் நான்காம் ஃபிலிப் குதிரையில் இருக்கும் சிலை இருக்கிறது. 1640இல் பியத்ரோ தக்கா முடித்தது. பின்னங்கால்களில் எழும்பி நிற்கும் குதிரை, முழு எடையும் இரண்டு காலிலும் வாலிலும். எப்படி நிற்கிறது என்பதற்குக் கலிலேயோ யோசனை சொன்னார் என்று சொல்வதுண்டு. முன்பகுதி மெல்லியதாகவும் பின்பகுதி கனமாகவும் வார்த்ததில்தான் சூட்சுமம். இந்த மாதிரிச் சிலையை எடுக்கும்போது வீரன் முகத்தை எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். எடை தரையில் இறங்கும் இடத்தை, அந்தக் குளம்பையும் வாலையும், ஒரு படமாவது எடுங்கள். சிற்பி அதிகம் தூக்கம் தொலைத்தது அந்த இடத்துக்காகத்தான் இருக்கும்.

சோழர் கால வெண்கலங்கள் இதற்கு நேர் எதிரான வழியில் போனவை. அவை கனவார்ப்பு, உள்ளே கூடு கிடையாது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முழு உருவத்தையும் மெழுகில் செய்து, மேலே வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு மெழுகை வெளியேற்றி, உலோகத்தை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். அதனால் ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். இவற்றில் முதுகுப்புறமும் முன்புறத்துக்குச் சமமாக வேலை செய்யப்பட்டிருக்கும். தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டு ரிஷபவாகனரைச் சொல்லியே ஆக வேண்டும். 1011ஆம் ஆண்டுச் சிலை, ராஜராஜன் காலம். சிவன் காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிறார். காளை இல்லை. கை காற்றில் இருக்கிறது. ஆனால் இடுப்பு ஒரு பக்கம் சரிந்து, ஒரு கால் குறுக்கே போய், உடம்பு முழுவதும் அங்கே காளை இருப்பதாகவே நம்புகிறது. பாம்பு சுற்றிய சடைக்கட்டைப் பின்னாலிருந்து பார்க்க வழி கிடைத்தால் விடாதீர்கள்.

உள்ளே கூடாக வார்த்த சிலைகளில் இன்னொன்றும் தேடலாம். சதுரமாக ஒட்டுப் போட்ட இடங்கள். வார்ப்பில் குமிழி வந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டு அளவாக ஒரு துண்டு வைத்து அடைப்பார்கள். சாய்வு ஒளியில் அந்தச் சதுரங்கள் தெரியும். ஜப்பானின் காமகுராவில் இருக்கும் பெரிய புத்தருக்குள் போகவே முடியும். பீடத்தோடு 13.35 மீட்டர், ஏறத்தாழ 121 டன். உள்ளே நின்று பார்த்தால் அடுக்கடுக்காக வார்த்து ஏற்றிய இணைப்புகள் அப்படியே தெரியும். வெளியே கோடிப் படங்கள் எடுக்கப்படுகின்றன. உள்சுவரையும் எடுத்து வாருங்கள்.


தூரிகை:

இதையெல்லாம் வாசிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்து. முதல் அரை மணி நேரம் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது என்பது என் கட்சி. பென்சிலும் தாளும் போதும். வரையத் தெரிய வேண்டும் என்றில்லை. தோளிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு இழுக்கப் பாருங்கள், எங்கே கோடு திரும்புகிறது என்று கண் தேட ஆரம்பித்துவிடும். படமெடுப்பவர் விரலை அழுத்தியதும் கண்ணுக்கு வேலை முடிந்துவிடுகிறது. அருங்காட்சியகங்களில் நான் பார்ப்பது இதைத்தான்: ஃபோன் பார்க்கிறது, மனிதர் அடுத்த அறைக்குப் போகிறார்.


வார்ப்புநேசன்:

@தூரிகை, கேமரா இருந்தாலே கண் சோம்பிவிடும் என்பதை நான் ஏற்க மாட்டேன். நிழல்விழி சொன்னபடி எதிர்ச்சுவரைத் திரும்பிப் பார்க்கிறவர் உங்களைவிடக் குறைவாகப் பார்க்கிறார் என்று சொல்ல முடியுமா? ஆனால் முதலில் வெறும் கண்ணோடு ஒரு சுற்று என்பது நியாயம். நான் அதைச் செய்கிறேன். ஒரு சுற்று வலமாக, ஒரு சுற்று இடமாக. திசை மாறினால் ஆச்சரியங்களும் மாறுகின்றன. மெர்குரி போன்ற முறுக்கிய உடல்களில் இது நன்றாகத் தெரியும்.

@மெழுகும்மண்ணும், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு முகப்புப் படத்தின் மேல் இருந்த கோபம் இன்னும் கூடிவிட்டது.


உப்புக்காற்று:

உலோகப் பாதுகாப்பு வேலையோடு தொடர்புள்ளவன். நிறம் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் படமெடுப்பவர்கள் பலர் உலோகத்தின் மேல் காலப்போக்கில் படியும் களிம்பை அழுக்காக நினைத்துப் பின்னால் திருத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். புதிதாக வார்த்த உடன் அது பொன்னிறமாக இருக்கும். காற்றில் முதலில் பழுப்பும் செம்பழுப்பும் வரும், அது செம்பு ஆக்சைடு. நகரக் காற்றில் கந்தகம் இருந்தால் காலப்போக்கில் பச்சை சல்பேட் படியும். கடலோரத்தில் குளோரைடு கலந்த பச்சை. மண்ணில் புதைந்து கிடந்த சிலைகளில் மலாக்கைட் என்னும் கார்பனேட் பச்சை. ஆக ஒரு சிலையின் நிறம் அது எங்கே வாழ்ந்தது என்பதற்குச் சாட்சி. மழை ஓடும் தடத்தில் வெளிர்ப்பச்சைக் கோடு இருக்கும், தாடைக்குக் கீழே மழை படாத இடத்தில் கறுப்பாக இருக்கும். சில சிலைகளுக்குச் சிற்பியே அமிலமும் சூடும் வைத்து நிறம் ஏற்றியிருப்பார், அது தனிக் கலை.

எல்லாப் பச்சையும் ஒன்றல்ல. உறுதியாக, மென்மையாக ஒட்டியிருக்கும் பச்சை சிலையைக் காக்கும். வெளிர்ப்பச்சைப் பொடியாக, தொட்டால் உதிர்வது போல், குழி குழியாக இருந்தால் அது நோய். குளோரைடு உள்ளே உட்கார்ந்துகொண்டு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். அதனால்தான் சில அருங்காட்சியகங்கள் ஈரப்பதத்தில் அவ்வளவு கண்டிப்பு. இத்தாலியின் ரியாச்சே கடலில் 1972இல் கிடைத்த இரண்டு வெண்கல வீரர்கள் ரெஜ்ஜோ கலாப்ரியா நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் காற்றைச் சுத்தம் செய்யும் ஒரு முன்னறையில் காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் கதவு திறக்கும். ஒருவருக்கு வெள்ளிப் பற்கள், இருவருக்கும் செம்பு உதடுகள். வைட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சமனைக் கவனமாக வைத்தால்தான் அந்தச் செம்பும் சுற்றியிருக்கும் வெண்கலமும் பிரிந்து தெரியும். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும்.

ரோமில் பலாத்ஸோ மாஸ்ஸிமோ அருங்காட்சியகத்தில் உட்கார்ந்திருக்கும் குத்துச்சண்டைக்காரர் இதற்கு உச்சம். 1885இல் குயிரினல் குன்றில் கிடைத்தவர். சண்டை முடிந்து, கையுறைகளோடு, தலையைத் திருப்பி மேலே பார்க்கிறார். முகத்தில் உள்ள வெட்டுக்காயங்களுக்கும் தொடையில் சொட்டிய ரத்தத்துக்கும் சிவந்த செம்பைப் பதித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்த ரத்தம் காணாமல் போய்விடும். அவரை மட்டும் வண்ணத்தில் எடுங்கள்.


கூட்டத்தில்ஒருத்தி:

தொட்டுத் தொட்டுத் தேய்ந்த இடங்களைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்குப் பிடித்த படங்களே அவைதான். வத்திக்கானில் புனித பேதுருவின் கால், மாஸ்கோ மெட்ரோவின் புரட்சிச் சதுக்க நிலையத்தில் எல்லைக் காவலனின் நாய்மூக்கு, நியூயார்க்கின் காளையின் கொம்பும் மூக்கும். மாஸ்கோ நிலையத்தில் 76 சிலைகள் இருக்கின்றன, எல்லாம் 1938இல் வைத்தவை. அவசரமாக ரயிலுக்கு ஓடுகிறவர்கள்கூட அந்த நாயின் மூக்கைத் தடவிவிட்டுப் போகிறார்கள். கறுத்த உடம்பில் அந்த ஓர் இடம் மட்டும் பொன்னாக மின்னுகிறது. சிற்பி தொடங்கியதை லட்சம் பேர் தொடர்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.


உப்புக்காற்று:

அன்பு புரிகிறது. படத்துக்கு அழகு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது தேய்மானம். வெரோனாவில் ஜூலியட் சிலையை எத்தனை பேர் தொட்டார்கள் என்றால், விரிசல் விட்டு, 2014இல் அதை உள்ளே எடுத்துப் போய்விட்டு முற்றத்தில் பிரதியை வைத்தார்கள். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. காக்கும் மேல்தோலைத் தினமும் உரித்தால் அடியில் இருக்கும் உலோகம் எப்போதும் புதுக் காயம் போலத்தான். பொதுவெளியில் தொடுவதற்கென்றே வைத்த சிலை வேறு. பழைய சிலைகளைத் தொடாதீர்கள், தொடச் சொல்லி யாரையும் நிற்கவைத்துப் படமும் எடுக்காதீர்கள்.


கூட்டத்தில்ஒருத்தி:

பழைய சிலைகள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். மெட்ரோ நாயை விட்டுக்கொடுக்க மாட்டேன். அது மக்களுக்கு நடுவே நிற்கவே வைக்கப்பட்டது, தேய்ந்த மூக்குதான் இன்று அதன் முகவரி.


பயணப்பை:

இன்னொரு கேள்வி. வெளியில் நிற்பது பிரதி என்று தெரிந்த பிறகும் அதைப் படமெடுக்க வேண்டுமா? ரோமில் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் குதிரைச்சிலை சதுக்கத்தில் இருப்பது பிரதி, மூலம் உள்ளே இருக்கிறது என்கிறார்கள். வெனிஸ் குதிரைகளும் அப்படித்தானாம்.


மெழுகும்மண்ணும்:

இரண்டையும் எடுங்கள் தம்பி, ஆனால் வெவ்வேறு காரணத்துக்காக. பிரதி, சிலை நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. காம்பிடோலியோ சதுக்கத்தின் நீள்வட்டத் தளத்துக்கு நடுவே அந்தக் குதிரை எப்படி எல்லாக் கோடுகளையும் தன்னிடம் இழுக்கிறது என்பதை உள்ளே இருக்கும் மூலத்தில் பார்க்க முடியாது. மூலத்தில் பார்க்க வேண்டியது தோல். பொன்முலாம் இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. கி.பி. 175ஐ ஒட்டிய சிலை. கான்ஸ்டன்டைன் மன்னன் என்று தவறாக நினைத்ததால்தான் இடைக்காலத்தில் உருக்காமல் விட்டார்கள் என்பார்கள். ரோமில் இருந்த எத்தனையோ வெண்கலங்கள் உருகி நாணயமாகவும் பீரங்கியாகவும் போய்விட்டன. கிரேக்க வெண்கலங்களில் நமக்குக் கிடைத்தவற்றில் நல்ல பங்கு கப்பலோடு மூழ்கியதால் பிழைத்தவை. இதை நினைத்துக்கொண்டு பார்த்தால் அந்தப் பொன் திட்டுகளுக்கு அருகே போய் ஒரு நெருக்கப் படம் எடுக்காமல் வர மனம் வராது.

வெனிஸ் குதிரைகள் 1204இல் கான்ஸ்டான்டினோபிளிலிருந்து வந்தவை. 1797இல் நெப்போலியன் பாரிஸுக்குக் கொண்டுபோனார், 1815இல் திரும்பின. தேவாலய முகப்பில் நிற்பவை பிரதிகள். மூலம் உள்ளே, கண்ணுக்கு நேரான உயரத்தில். முகப்பில் அண்ணாந்து பார்த்தவருக்கு அந்த உயரம் ஒரு வரம்.

ரொதானின் சிந்தனையாளர் போன்றவற்றில் பிரதி, மூலம் என்ற பேச்சே வேறு. சிற்பி செய்த ஒரே மூல உருவத்திலிருந்து பல வார்ப்புகள், உலகின் பல ஊர்களில். ஒவ்வொன்றுக்கும் தோல் தனி. அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இருப்பதற்கு 1970இல் குண்டு வைத்தார்கள், பாதங்கள் சிதைந்தன. அருங்காட்சியகம் அதைச் சரிசெய்யாமல், சிதைந்த நிலையிலேயே மீண்டும் நிறுத்தியது. வெவ்வேறு பயணங்களில் ஒரே சிலையின் வெவ்வேறு வார்ப்புகளைத் தொகுக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.


நிழல்விழி:

உயரம் பற்றி ஒரு வார்த்தை. ரொதானின் 'கலே நகரத்தார்' என்னும் சிலைத் தொகுதியில் பிரான்சின் கலே நகரத்தைச் சேர்ந்த ஆறு பேர். அவர்கள் மக்களோடு மக்களாகத் தாழ்வாக நிற்க வேண்டும் என்பது ரொதானின் விருப்பம். கலேயில் 1895இல் உயரமான பீடத்தில்தான் ஏற்றினார்கள், 1924இல்தான் தாழ்த்தினார்கள். இந்தச் சிலையை நின்ற உயரத்திலிருந்து, ஆறு பேருக்கு இடையில் வெற்றிடம் தெரியும்படி எடுங்கள். முகங்களைப் போலவே அந்தக் கைகளும் பேசும்.

சின்னச் சிலைகளுக்கு எதிர்ப் பிரச்சினை. மொகெஞ்சதாரோ நடனப் பெண்ணின் உயரம் 10.5 சென்டிமீட்டர்தான். நெருக்கமாக எடுத்த படங்களைப் பார்த்தவர்கள் ஆள் உயரச் சிலை என்று நினைத்துக்கொண்டு தில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகிறார்கள். சட்டம் நிறைய ஒரு படம், அவளைப் பார்த்துக் குனிந்து நிற்கும் மனிதரோடு ஒரு படம். இரண்டும் வேண்டும். மனிதர் வந்தால் படம் கெட்டுவிடும் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. முகம் தெரியாமல் எடுத்தால் போதும்.


ஏட்டுப்பக்கம்:

உரிமை பற்றி யாரும் தொடவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சிலைக்குப் பதிப்புரிமை கிடையாது. அந்த இடத்தின் விதிகள் மட்டும்தான்: ஃபிளாஷ், முக்காலி, செல்ஃபிக் குச்சி பல இடங்களில் கூடாது. நவீனச் சிலைக்கு நாட்டுக்கு நாடு சட்டம் மாறும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட விலக்கு இருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. கோபன்ஹேகனின் குட்டிக் கடற்கன்னி 1913இல் வைத்தது, சிற்பி எட்வர்ட் எரிக்சன் 1959இல்தான் இறந்தார். அதனால் இன்னும் உரிமை காலாவதியாகவில்லை. ஒரு நாளிதழ் அவளைக் கேலிச்சித்திரமாகப் போட்டதற்கு வழக்கு நடந்து, 2023இல்தான் டென்மார்க் உச்ச நீதிமன்றம் நாளிதழுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. சொந்தத் தொகுப்புக்கு எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. விற்கப் போகிறீர்கள் என்றால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள்.


தூரிகை:

வார்ப்புநேசன், என் கட்சியிலிருந்து கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ரொதான் நடராஜரைப் பற்றி எழுதியிருக்கிறார். சென்னை அருங்காட்சியகத்து நடராஜர்களின் படங்களை ஒருவர் அவருக்குக் காட்டினார். 1913 வாக்கில் அந்தப் படங்களை மட்டும் பார்த்து, பக்கவாட்டுத் தோற்றம், கால், கை என்று ஒவ்வொரு பகுதியாக எழுதினார். சிலையை அவர் நேரில் பார்க்கவே இல்லை. எடுத்தவர் முகப்புப் படம் மட்டும் எடுத்திருந்தால் அந்த எழுத்து நமக்குக் கிடைத்திருக்காது.


வார்ப்புநேசன்:

@தூரிகை, இந்த இழையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு இது. நன்றி.

இதோடு சேர்த்து இன்னொன்று சொல்கிறேன். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956இலிருந்து கோயில் சிலைகளைக் கறுப்பு வெள்ளையில் பதிவு செய்து வந்தது. கலைப்படம் எடுக்கும் எண்ணத்தில் எடுத்தவை அல்ல, வெறும் ஆவணம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. அது திருடப்பட்ட சிலை என்று நிறுவ அந்த ஆவணப் படங்கள் உதவின. 2014இல் சிலை இந்தியாவுக்குத் திரும்பியது. இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வார்ப்பில் விழுந்த பழுதுகளும் தேய்மானமும் அதே இடத்தில் இருக்கும். ஒரு அச்சுக்கு ஒரு சிலை என்று மெழுகும்மண்ணும் சொன்னாரே, அதனால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமாகிறது. அழகுக்காக எடுக்கும்போது நாம் மறைக்கப் பார்க்கும் குறைகள்தான் அங்கே சாட்சி சொல்லின.


பயணப்பை:

அப்படியானால் நாம் எடுக்கும் படத்தோடு என்னென்ன குறித்து வைக்க வேண்டும்? பெயர்ப்பலகையை ஒரு படம் எடுத்தால் போதுமா?


உப்புக்காற்று:

பலகையை எடுங்கள், அதில் பதிவு எண் இருந்தால் அது படிக்கும்படி வரட்டும். கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்று பயணத்துக்கு முன்பே பாருங்கள். எட்டுத் திசையிலிருந்தும் ஒவ்வொரு படம், ஒரே உயரத்தில், ஒரே ஒளியளவில். அப்புறம் பழுது, ஒட்டு, உடைந்த விரல், பீடத்தில் எழுத்து, இவற்றுக்கு நெருக்கப் படம். முடிந்தால் ஒரு படத்தில் சாம்பல் அட்டையைப் பக்கத்தில் பிடித்து எடுங்கள், களிம்பின் நிறத்தைப் பின்னால் சரிபார்க்க உதவும். ஃபோனின் தானியங்கி மெருகேற்றலை அணைத்துவிட்டு மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவையும் முடித்த பிறகு நிழல்விழி சொன்ன ஒளிக்காகக் காத்திருங்கள்.